வங்கியில் 12 லட்சம், கையில் ஒரு மாதச் செலவு

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதமும் கூடவே வைத்திருந்த மூன்று தாள்களும் கிடைத்தன. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக முதியோர் இல்லத்தின் அறங்காவலராகச் சேர்ந்திருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போனால் கணக்கை நீட்டுகிறார்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், நானும் போடுகிறேன், ஆனால் எதில் போடுகிறேன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அத்தோடு ஒரு கேள்வி: "மார்ச் 31 அன்று வங்கியில் 12 லட்சம் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. அதே கூட்டத்தில் பொருளாளர், மே மாதச் சம்பளத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறார். இதில் எது உண்மை?"

இரண்டுமே உண்மை. இதைக் கேட்கத் தோன்றியவருக்குக் கணக்குப் படிக்க வராது என்பதை நான் நம்ப மாட்டேன். அறக்கட்டளைக் கணக்குகளோடு பல வருஷம் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதற்குக் கூட்டலும் கழித்தலும் போதும். பற்று, வரவு எந்தப் பக்கம் என்ற குழப்பமெல்லாம் எழுதுகிறவருக்குத்தான், படிக்கிறவருக்கு இல்லை. படிக்கிறவர் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் யார் எதற்காகக் கொடுத்தது என்பதுதான்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் இல்லம் எதுவென்று தெரியாதபடி எண்களை மாற்றி, முழுத் தொகைகளாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

நீங்கள் அனுப்பிய முதல் தாள் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கையிலும் வங்கியிலும் என்ன வந்தது, என்ன போனது என்பது மட்டும் இதில் இருக்கும். எதைச் செலவழிக்கலாம், எதைக் கூடாது என்று இது பிரித்துப் பார்க்காது. ஆண்டின் தொடக்கத்தில் இருப்பு 5 லட்சம். நன்கொடை 16 லட்சம், இல்லத்தில் இருப்பவர்களின் குடும்பங்கள் தரும் மாதப் பங்கு 6 லட்சம், டெபாசிட் வட்டி 1 லட்சம், ஒரு நிறுவனம் பிசியோதெரபி அறை கட்டக் கொடுத்த 9 லட்சம், ஒரு குடும்பம் கார்ப்பஸுக்கென்று, அதாவது தொடாமல் வைக்கும் முதலுக்கென்று கொடுத்த 2 லட்சம், முதிர்ந்த வைப்புநிதி 10 லட்சம். வந்தது 44 லட்சம். தொடக்க இருப்போடு சேர்த்தால் 49.

போனது என்ன? சாப்பாடு 8 லட்சம், சம்பளம் 9, மருந்தும் மருத்துவமும் 3, மின்சாரமும் பழுதுபார்ப்பும் இரண்டரை, அலுவலகமும் ஆடிட்டும் ஒன்றரை. இதுவரைக்கும் 24. அறை கட்டும் வேலைக்கு 3. மறுபடி வைப்பில் போட்டது 10. ஆக 37. 49-இல் 37 போனால் 12. கொடுத்த செக்கெல்லாம் பணமாகியிருந்தால் வங்கிப் பாஸ்புக்கும் அதையே சொல்லும்.

அந்த 10 லட்சத்தை மறுபடி ஒரு முறை பாருங்கள். ஒரே வைப்புநிதி முதிர்ந்து ஒரு பக்கம் வரவாகவும், திரும்பப் போடப்பட்டு மறுபக்கம் செலவாகவும் நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருந்தால் இரு பக்கமும் இன்னொரு 10 ஏறியிருக்கும். "போன வருஷம் 44 லட்சம் வசூல்" என்று ஆண்டு விழா மேடையில் யாராவது பேசினால் அதில் 10 லட்சம் நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொண்டது. பெரிய தொகை எதைக் கண்டாலும், புதிதாக வந்ததா, இடம் மாறியதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் மொய் எழுதி முடிந்ததும் பெட்டி நிறையப் பணம் இருக்கும். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் அதை லாபம் என்று எண்ண மாட்டார். நோட்டில் பேரும் தொகையும் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடமை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அறக்கட்டளையின் வங்கி இருப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

12 லட்சத்தில் முதலில், பிசியோதெரபி அறைக்கு வந்த 9-இல் செலவானது போக மீதி 6 லட்சம். அது அறைக்கு மட்டும்தான். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்படி வந்த பணம் இது. அந்த நிறுவனம் தன் இயக்குநர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் உங்களிடம் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும். இதிலிருந்து அரிசி வாங்கினால், பசிக்குத்தானே வாங்கினோம் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை மீறியதாகத்தான் ஆகும்.

அடுத்தது கார்ப்பஸுக்கு வந்த 2 லட்சம். அதுவும் செலவுக்கு இல்லை. முதலைத் தொடாமல் அதன் வட்டியை மட்டும் பயன்படுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்த பணம் அது. இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதே அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வருகிறது. ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். மந்தையில் ஆடு சாகலாம், மூப்படையலாம், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. சாவா மூவாப் பேராடு என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கார்ப்பஸ் நிதியை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. இன்றைய வருமான வரிச் சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. கார்ப்பஸ் என்று கொடுப்பவரே குறிப்பிட்டிருக்க வேண்டும், வாங்குகிறவர் தாமாக அப்படி எழுதிக்கொள்ள முடியாது. அந்தப் பணத்தைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் தனியாகப் போட்டுவைக்கவும் வேண்டும். உங்கள் 2 லட்சம் மார்ச் 31 வரை சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. அதை ஏற்கெனவே இருக்கும் 10 லட்சம் வைப்புநிதியோடு சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்தும் பழைய கார்ப்பஸ்தான்.

மூன்றாவதாக, மார்ச் மாதச் சம்பளம் 75,000 ஏப்ரலில்தான் போயிருக்கிறது. மளிகைக் கடை பாக்கி ஒன்றேகால் லட்சம். இரண்டும் சேர்ந்து 2 லட்சம். மார்ச் 31 அன்று பாஸ்புக்கில் அது இருந்தாலும் அந்தக் கடைக்காரருடைய பணம், சமையல்காரம்மாவுடைய பணம்.

12-இலிருந்து 6, 2, 2 கழியுங்கள். மிச்சம் 2 லட்சம். இல்லத்தின் ஓராண்டு நடப்புச் செலவு 24 லட்சம், அதாவது மாதத்துக்கு 2 லட்சம். ஆக மார்ச் 31 அன்று உங்கள் இல்லத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு மாதச் செலவுக்கான பணம். ஏப்ரலில் வரவு குறைந்தால் மே சம்பளத்துக்கு என்ன செய்வது என்ற பயம் பொருளாளருக்கு வராமல் இருக்குமா? அவர் மறைத்துப் பேசவில்லை. இந்தக் கழித்தலைத் தாளில் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

(உங்கள் இல்லத்தில் சேரும்போது டெபாசிட் வாங்குவதில்லை என்று நினைக்கிறேன், கணக்கில் அப்படி எதுவும் இல்லை. வாங்குகிற இல்லங்களில் அது இன்னும் பெரிய பொறி. ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு சேர்ப்பார்கள். அந்தப் பெரியவர் காலமான பின்போ வெளியேறும்போதோ திருப்பித் தர வேண்டிய பணம் அது. இருபது பேர் சேர்ந்தால் வங்கியில் 20 லட்சம் இருக்கும், அத்தனையும் கடன். அதை எடுத்து மாடி கட்டிய இடங்கள் உண்டு.)

இரண்டாவது தாள் வருவாய் மற்றும் செலவினக் கணக்கு. பலரும் இதை முதல் தாளின் மறுபதிப்பு என்று நினைத்துப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு மூன்றிலும் முக்கியமானது இதுதான். பணம் எப்போது கைமாறியது என்று பார்க்காமல், இந்த ஆண்டுக்கு உரியது எது என்று மட்டும் கேட்கிற கணக்கு இது. அறைக்கு வந்த 9, கார்ப்பஸுக்கு வந்த 2, முதிர்ந்த 10 எதுவும் இதில் இல்லை. உங்கள் ஆடிட்டர் சரியாகவே விட்டிருக்கிறார். வருவாய் என்று நிற்பது நன்கொடை 16, மாதப் பங்கு 6, வட்டி 1, மொத்தம் 23.

செலவுப் பக்கம் 24 லட்சத்தில், போன ஆண்டுப் பாக்கிக்காகக் கொடுத்த ஒன்றரை லட்சத்தைக் கழித்து, இந்த ஆண்டில் கொடுக்காமல் நிற்கும் 2 லட்சத்தைக் கூட்டியிருக்கிறார். ஆக இருபத்து நாலரை. அதன்மேல் தேய்மானம் 2 லட்சம். மொத்தம் இருபத்தாறரை. வருவாய் 23 என்பதால் பற்றாக்குறை மூன்றரை லட்சம்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளின்படி ஆண்டு முழுவதும் பணம் 5-இலிருந்து 12 ஆகி, 7 லட்சம் கூடியிருக்கிறது. இரண்டாவது தாளின்படி அதே ஆண்டில் இல்லம் மூன்றரை லட்சம் பள்ளத்தில் முடிந்திருக்கிறது. கூட்டத்தில் முதல் தாளை மட்டும் வாசித்துவிட்டுக் கைதட்டி எழுந்தால், எத்தனை வருஷத்துக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாமலே போகும்! கட்டடத்துக்கென்று ஒவ்வோர் ஆண்டும் பணம் வந்துகொண்டிருக்கும் வரை வங்கி இருப்பு நன்றாகவே இருக்கும். அது நிற்கிற வருஷத்தில்தான் திடீரென்று இல்லம் மூடப்போகிறது என்று செய்தி வரும். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் அது திடீர். கணக்கில் நாலைந்து வருஷமாக எழுதியே இருந்திருக்கும்.

தேய்மானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: "யாருக்கும் கொடுக்காத பணம் எப்படிச் செலவாகும்?" இல்லத்தில் ஒரு வேன் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, மருத்துவக் கட்டில்கள் இருக்கின்றன. வாங்கிய அன்று போன பணம் அந்த ஆண்டுக்கு மட்டுமான செலவு இல்லை. உழைக்கிற ஒவ்வோர் ஆண்டும் அது கொஞ்சம் தேய்கிறது. வருமான வரி விதிகளில் கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் 10 விழுக்காடு, வேனுக்கு 15, கணினிக்கு 40 என்று விகிதம் உண்டு. பல ஆடிட்டர்கள் அதையே பின்பற்றுவார்கள். வெறும் ஏட்டுக் கணக்கு என்று சிலர் இதைத் தள்ளிவிட்டு, பற்றாக்குறை உண்மையில் ஒன்றரை லட்சம்தான் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேன் ஒருநாள் நின்றுபோகும். நடுராத்திரியில் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அடுத்த வேனுக்கான பணத்தை வருஷா வருஷம் ஒதுக்கினோமா என்று அந்த 2 லட்சம் உங்களைக் கேட்கிறது.

இன்னொன்று இந்தத் தாளில் தெரியாது, ஆனால் டீச்சர், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்தநாள், திதி என்று ஊர்க்காரர்கள் கொண்டுவந்து தரும் ஒரு வேளைச் சாப்பாடும் அரிசி மூட்டையும் பணமாக வராததால் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. சாப்பாட்டுச் செலவு 8 லட்சம் என்பது அந்தத் தானத்துக்குப் பிறகு மிஞ்சிய செலவு. அடுத்த வருஷம் அப்படிக் கொடுப்பவர்கள் குறைந்தால் அதே ஆட்களுக்கு 10 லட்சம் ஆகும், யாரோ திருடிவிட்டதாகப் பேச்சு கிளம்பும். சமையலறையில் இருப்பு நோட்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். என்று, யார், என்ன, எத்தனை கிலோ, அவ்வளவு எழுதினால் போதும்.

மூன்றாவது தாள், பேலன்ஸ் ஷீட். இருப்புநிலைக் குறிப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். மார்ச் 31 என்ற ஒரே நாளில் என்ன இருக்கிறது, அதில் யாருக்கு உரிமை என்பது இதில் இருக்கிறது. சொத்துப் பக்கம் நிலம், கட்டடம், வேன் எல்லாம் தேய்மானம் போக 38 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் அறை 3, வைப்புநிதி 10, வங்கி 12, பணியாளர் முன்பணம் 40,000. மொத்தம் 63 லட்சத்து 40 ஆயிரம். எதிர்ப்பக்கம் கார்ப்பஸ் 12, அறைக்கு வந்ததில் செலவாகாத மானியம் 6, கொடுபட வேண்டியது 2, மீதி பொது நிதி 43 லட்சத்து 40 ஆயிரம்.

இந்தப் பொது நிதியைப் பார்த்துத்தான் உங்கள் சக அறங்காவலர் ஒருவர், நம்மிடம் 43 லட்சம் இருக்கும்போது ஏன் வசூலுக்கு அலைய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதில் 41 லட்சம் செங்கல்லும் சிமென்டும் வேனுமாக நிற்கிறது. அதைப் போட்டுக் குழம்பு வைக்க முடியாது. 43.4-இலிருந்து 41 கழித்தால் 2.4. அதில் முன்பணம் 40,000 வெளியே இருக்கிறது. மிச்சம் 2 லட்சம். சற்றுமுன் வங்கி இருப்பிலிருந்து கழித்துக் கழித்து வந்த அதே 2 லட்சத்துக்கு இந்தப் பக்கமிருந்தும் வந்துவிட்டோம். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் கணக்கு உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

பேலன்ஸ் ஷீட்டில் போன ஆண்டுத் தொகை ஒரு பத்தியில் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பணியாளர் முன்பணம் போன ஆண்டும் அதே 40,000 என்று நிற்கிறது. முன்பணம் என்றால் வாங்கியவர் வேலையை முடித்துப் பில் கொடுத்துத் தீர்த்திருக்க வேண்டும், அல்லது சம்பளத்தில் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒரு பைசா அசையாமல் நிற்பதற்கு யார் பெயரில், என்றைக்கு, எதற்கு என்ற விவரம் அட்டவணையில் இருக்கும். கேளுங்கள். ஒரு பணியாளர் மகள் கல்யாணத்துக்கு வாங்கியிருக்கலாம், அதைத் தள்ளுபடி செய்ய நீங்கள் எல்லோரும் மனமுவந்து தீர்மானம் போடலாம். அதைத் தீர்மானமாக எழுதிச் செய்ய வேண்டும். சும்மா விட்டுவிடக் கூடாது.

வங்கிக் கணக்குப் பொருத்தப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நாம் செக் கொடுத்து, வங்கியில் இன்னும் போடப்படாதவை அதில் இருக்கும். 2012 ஏப்ரல் முதல் செக்குக்கு மூன்று மாதம்தான் ஆயுள். டிசம்பரில் எழுதிய செக் மார்ச் 31 பட்டியலில் இன்னும் நின்றால், அந்தச் செக் உண்மையில் யார் கைக்காவது போனதா என்று கேட்க வேண்டும்.

ஆடிட்டர் அறிக்கையைக் கடைசியாகப் படிக்காமல் முதலில் படியுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று சொல்லியிருக்கிறாரா, அல்லது அதோடு "இதற்கு உட்பட்டு" என்று ஏதாவது சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அந்த வரிதான் அன்றைய கூட்டத்தின் முதல் பேச்சாக இருக்க வேண்டும். கையிருப்பு ரொக்கம் "நிர்வாகம் சான்றளித்தபடி" என்று இருந்தால், ஆடிட்டர் அதைத் தாமே எண்ணவில்லை, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் எண்ணியது யார் என்று கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே 18 இலக்க எண் ஒன்று இருக்கும், யுடிஐஎன் என்பார்கள். 2019 முதல் பட்டயக் கணக்காளர்கள் தணிக்கை அறிக்கைக்கு இதைப் போட்டாக வேண்டும். அவர்களுடைய கழகத்தின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, அறிக்கை உண்மையானதுதானா என்று யாரும் சரிபார்க்கலாம். உங்கள் பேரன் கைப்பேசியில் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். ஆடிட்டரிடம் நேரில் கேட்கவும் தயங்காதீர்கள். அவரை நியமித்தது அறங்காவலர் குழு. பொருளாளர் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

சட்டம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும், 15 வரை நிபந்தனை இல்லாமல் மிச்சம் பிடிக்கலாம், அதற்கு மேல் சேர்த்து வைக்க நோக்கத்தைக் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். சேமிப்பே தப்பு என்று சிலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். அறங்காவலர்களுக்கோ அவர்கள் உறவினருக்கோ அறக்கட்டளைப் பணத்தால் ஆதாயம் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. தலைவரின் தம்பி கடையில்தான் மளிகை வாங்குகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் வேறு இரண்டு கடைகளின் விலையை வாங்கி ஒப்பிட்டு, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். தலைவருக்கும் அது பாதுகாப்பு. நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை கேட்டு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வருபவரிடம் செக்காகவோ வங்கி வழியாகவோ தரச் சொல்ல வேண்டும், ரொக்கத்துக்குச் சலுகை கிடைக்காது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய அறிக்கைகளில் பழைய எண்களே இருக்கும், குழம்ப வேண்டாம்.

இப்போது என் மனசில் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் கூட்டத்தில் அதிக நேரம் விவாதித்தது அலுவலகச் செலவு ஒன்றரை லட்சத்தைப் பற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். 24 லட்சத்தில் அது 6 விழுக்காடு சொச்சம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நிர்வாகச் செலவின் வரம்பை 2020-இல் 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். அந்தக் கடுமையான அளவோடு ஒப்பிட்டாலும் நீங்கள் எங்கேயோ கீழே இருக்கிறீர்கள். ரசீது எழுதவும், வவுச்சர் கோக்கவும், பட்டியல் போடவும் ஆள் இல்லாத இடத்தில்தான் பணம் தொலைகிறது. கணக்கெழுதுகிறவருக்குக் கொடுக்கும் சம்பளத்தை ஏழையின் வாயிலிருந்து பிடுங்கியதாகப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விவாதிக்க வேண்டிய வரி அதற்கு மேலே இருக்கிறது: சம்பளம் 9 லட்சம். மாதம் 75,000, ஏழு பேருக்கு. சராசரி 11,000-க்கும் கீழே. இரவில் எழுந்து படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கிறவர்கள், துணி மாற்றுகிறவர்கள், ஊட்டிவிடுகிறவர்கள் அவர்கள். அந்தச் சம்பளத்தையும் வைத்தே மூன்றரை லட்சம் பற்றாக்குறை. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அறைக்கு 9 லட்சம் தர ஆள் இருக்கிறது, கல்வெட்டில் பெயர் போடலாம். அந்த அறையில் வேலை செய்யப்போகும் பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளத்துக்கு யார் பணம் தந்திருக்கிறார்கள் என்று மூன்று தாளிலும் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அறை திறந்ததும் அந்தச் செலவு உங்கள் நன்கொடை 16 லட்சத்தின் தலையில்தான் விழும். மானியம் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை, வேலை மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது. அந்த நிறுவனத்திடம் போய், இரண்டு வருஷச் சம்பளத்துக்கும் சேர்த்து உதவ முடியுமா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு இந்தக் கணக்கே ஆதாரம்.

அடுத்த கூட்டத்தில் பொருளாளரிடம் ஒரு சின்னத் தாள் போடச் சொல்லுங்கள், அரைப் பக்கம் போதும். வங்கி இருப்பு இவ்வளவு, அதில் கார்ப்பஸ் இவ்வளவு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்தது இவ்வளவு, கொடுபட வேண்டியது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, அது எத்தனை மாதத்துக்கு வரும். ஆண்டுக்கொரு முறை இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அவர் மகிழ்ச்சியாகவே போட்டுத் தருவார் என்று நினைக்கிறேன், இதுவரை அந்தப் பயத்தை அவர் தனியாகத்தான் சுமந்திருக்கிறார். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டுமென்றால் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி, அதிலுள்ள கணக்குகளில் இரண்டைப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பியது முன்பக்கத் தாள்கள் மட்டும். முன்பணப் பட்டியல், மானியத்தின் வரவு செலவு, சொத்துப் பட்டியல் ஆகிய அட்டவணைகளும் குறிப்புகளும் அவற்றோடு இருந்திருக்க வேண்டும். அவையும் கைக்கு வந்த பிறகு இந்த ஆண்டுக் கணக்கில் கையெழுத்துப் போடுங்கள். வாங்கியதும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அந்த நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினால், அறையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்குக்காரன்